காப்பகத் தொண்டும் நமது கடமையும்

(காவலூரில் கூடிய ஜமாஅத் உறுப்பினர்களின் முன்னிலையில் சேவைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நம் ஜமாஅத்தின் முன்னே இரண்டு கோரிக்கைகள் உள்ளன. நம் இளைஞர்கள் சிலர், விடுமுறை நாட்களில் வெளிநாட்டுக் குழந்தைகள் காப்பகம் ஒன்றிற்குச் சென்று சில வாரங்கள் தொண்டாற்ற விரும்புவதாகவும், அதற்கான பயணச் செலவில் ஒரு பகுதியை ஜமாஅத் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுள்ளனர். உறுப்பினர்களில் வேறு சிலரோ, "வெளிநாடு எதற்கு? இந்தச் சவ்வாது மலைப் பிள்ளைகளுக்காக நாமே ஒரு காப்பகம் கட்டலாமே" என்று யோசனை கூறியுள்ளனர். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும், நல்லெண்ணத்தோடு தொடங்கப்படும் எல்லாப் பணிகளும் பிள்ளைகளுக்கு நன்மையாக முடிவதில்லை. ஆகவே முடிவெடுப்பதற்கு முன், ஒரு காப்பகத்தின் அன்றாட வாழ்க்கை எத்தகையது, அதில் வெளியிலிருந்து வரும் தொண்டருக்கு என்ன இடம் உண்டு என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது நம் கடமையாகும்.

டோனாவூரில் தங்கியவர்கள்

வெளிநாட்டிலிருந்து வந்து காப்பகத்தில் தொண்டாற்றியவர்களைப் பற்றிப் பேசுவதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது தமிழகத்திலேயே, திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டிற்கு அருகில் டோனாவூர் என்னும் சிற்றூர் உள்ளது. அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் என்ற பெண்மணி 1895-ல் இந்தியாவிற்கு வந்து, 1901 முதல் அவ்வூரில் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். அக்காலத்தில் ஆலயங்களுக்கு நேர்ந்து விடப்படும் நிலையிலிருந்த சிறுமிகளும், கைவிடப்பட்ட குழந்தைகளும் அங்கு அடைக்கலம் பெற்றனர். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர்.

அவர் ஒரு கிறிஸ்தவ ஊழியர். பிள்ளைகளைத் தமது சமயத்திலேயே வளர்த்தார். இதில் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம். ஆயினும் ஒருவர் செய்த வேலையின் முறையிலிருந்து கற்றுக்கொள்ள அவரது சமயம் நமக்குத் தடையாகாது.

அவரும் அவருடன் பணியாற்றிய வெளிநாட்டுப் பெண்களும் தமிழ் கற்றனர், சேலை உடுத்தினர், சம்பளம் பெறவில்லை. பிள்ளைகள் அவரை 'அம்மா' என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த மற்றப் பெண்களைச் 'சித்தி' என்றும், உள்ளூர்ப் பெண் ஊழியர்களை 'அக்காள்' என்றும், ஆண் ஊழியர்களை 'அண்ணாச்சி' என்றும் அழைத்தனர். நெல்லைச் சீமையின் உறவுப் பெயர்களே அந்த இல்லத்தின் பதவிப் பெயர்களாயின. பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது என்பதால், அப்பிள்ளை இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளையே ஆண்டுதோறும் கொண்டாடினர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைக்காமல், சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டிற்கும் பொறுப்பான பெண்மணிகளை அமர்த்தினர்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு செய்தியை இளைஞர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அவ்வம்மையார் இந்தியாவிற்கு வந்தபின் தாய்நாட்டிற்கு ஒரு முறைகூடத் திரும்பிச் செல்லவில்லை. 55 ஆண்டுகள் இங்கேயே இருந்து 1951-ல் டோனாவூரிலேயே மறைந்தார். தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்று சமயப் பிரசாரம் செய்வதே அவரது வேலையாக இருந்தது. பிள்ளைகள் வந்து சேர்ந்தபின் அந்தப் பயணங்களை அவர் கைவிட வேண்டியதாயிற்று. கைக்குழந்தை உள்ள தாய் நினைத்த நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட முடியாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையை ஏற்பவர் தம் காலைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும் என்பதையே அவரது வாழ்க்கை காட்டுகிறது.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தொடங்கிய அவ்வை இல்லத்தின் வரலாறும் இத்தகையதே. 1930-ல், தங்க இடமின்றித் தம்மை நாடி வந்த சிறுமிகளைத் தமது சொந்த இல்லத்திலேயே ஏற்றுக்கொண்டார். பின்னரே அது நிறுவனமாக வளர்ந்தது. அதற்கும் பிள்ளைகளின் உடனிருந்து பொறுப்பேற்ற ஒருவரே அடித்தளமாக இருந்தார்.

காப்பகத்தின் ஒரு நாள்

டோனாவூரானாலும், அயல்நாடானாலும், இம்மலையிலுள்ள ஒரு விடுதியானாலும், பிள்ளைகள் தங்கி வாழும் இல்லத்தின் ஒரு நாள் பெரும்பாலும் ஒரே விதமாகவே அமைகிறது.

விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. இரவில் படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளையின் விரிப்பை மற்றப் பிள்ளைகள் விழித்துப் பார்த்து நகைப்பதற்கு முன் எடுத்து அலசப் போடுவது அங்குள்ள பெண்மணியின் முதல் வேலை. பின்னர் பல் துலக்குதல், குளியல், இருபது முப்பது தலைகளுக்கு எண்ணெய் தடவி வாரிச் சடை பின்னுதல், பேன் பார்த்தல், அறுந்த பொத்தானைத் தைத்தல், காணாமற்போன ஒற்றைச் செருப்பைத் தேடுதல் ஆகியன. காலை உணவு முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் இல்லம் ஓய்வெடுக்கும் என்று எண்ண வேண்டா. துணி துவைக்க வேண்டும், அரிசி புடைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும், மளிகைக் கணக்கையும் மருந்துப் பதிவேட்டையும் எழுத வேண்டும். காது வலியென்று பள்ளிக்குச் செல்லாத பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வரிசையில் நிற்க வேண்டும்.

மாலையில் பிள்ளைகள் திரும்பியதும் சிற்றுண்டி, விளையாட்டு, சிரிப்பு, கூச்சல். அதன்பின் வீட்டுப்பாடம், அதற்கிடையே ஒரு பென்சிலுக்காகச் சண்டை, சமாதானம். இரவு உணவுக்குப்பின் எல்லோரும் உறங்கினாலும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி இடுவதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். நள்ளிரவில் கெட்ட கனவு கண்டு அழும் பிள்ளை, தான் அறிந்த குரலையே தேடும். அக்குரலுக்கு உரியவர் அங்கே இருத்தல் வேண்டும்.

இப்பொழுது, மூன்று வாரத்திற்கென்று வந்திருக்கும் வெளிநாட்டுத் தொண்டரை இந்த நாளில் எங்கே பொருத்துவது என்று சிந்தித்துப் பாருங்கள். அவருக்கு மொழி தெரியாது. ஆகவே வீட்டுப்பாடம் சொல்லித்தர இயலாது. எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பது தெரியாது. சமையற்கட்டில் அவர் உதவியைவிட அவருக்குச் செய்ய வேண்டிய உபசாரமே பெரிதாகிவிடும். எனவே அவருக்குக் கிடைப்பது மாலை நேரத்து விளையாட்டும் சிரிப்பும்தான். நாளின் மிக இனிய ஒரு மணி நேரத்தை வந்தவர் பெறுகிறார். நனைந்த விரிப்பும் நள்ளிரவுக் காய்ச்சலும் உள்ளூர்ப் பெண்மணிக்கு மிஞ்சுகின்றன. அப்பெண்மணியின் மாதச் சம்பளமோ, வந்தவரின் விமானச் சீட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஓடிவந்து அணைக்கும் பிள்ளை

காப்பகங்களுக்குச் சென்று வருபவர்கள், "நாங்கள் உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகள் ஓடிவந்து கட்டியணைத்துக்கொண்டனர், எவ்வளவு அன்பு!" என்று மகிழ்ந்து கூறுவதைப் பலரும் கேட்டிருப்போம். இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகக் கூறுகின்றனர். தன் வீட்டில் வளரும் சிறு குழந்தை, முன்பின் தெரியாதவரைக் கண்டால் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அதுவே இயல்பு. யாரைக் கண்டாலும் தயக்கமின்றி மடியில் ஏறும் குழந்தைக்கு, தனக்கே உரியவர் என்று ஒருவர் அமையாதிருத்தல் கூடும்.

ருமேனியா நாட்டின் தலைநகரான புகாரெஸ்டில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. காப்பகங்களில் வாழ்ந்த 136 சிறு குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பங்களில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் உறுதியான பாசம் கொள்வதிலும் முன்னேறினர். இரண்டு வயதிற்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்களுக்கு நன்மை மிகுதியாக இருந்தது. சோறும் துணியும் மட்டும் பிள்ளையை வளர்ப்பதில்லை. மாறாத ஒரு முகமும் வேண்டும் என்பதை அந்த ஆய்வு ஐயத்திற்கிடமின்றி எடுத்துக்காட்டியது.

அவ்வாறாயின், மூன்று வாரத்திற்கு ஒரு புதிய அண்ணன், மூன்று வாரத்திற்கு ஒரு புதிய அக்காள் என்று ஆண்டு முழுவதும் வந்து, நெஞ்சோடு அணைத்து, பரிசுகள் தந்து, கண்ணீரோடு விடைபெற்றுச் செல்வார்களானால், ஏற்கெனவே ஒரு முறை பிரிவை அனுபவித்த பிள்ளைக்கு அப்பிரிவையே மீண்டும் மீண்டும் தருவதாக ஆகாதா? வந்தவருக்கு அது ஒரே ஒரு பிரிவு. பிள்ளைக்கோ ஆண்டொன்றுக்குப் பத்துப் பதினைந்து பிரிவுகள். பெற்றோர்களாகிய நீங்கள் இதனை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

ஹும்லா மலையும் நம் சவ்வாது மலையும்

இதில் இன்னும் கவலைக்குரிய ஒன்றுண்டு. வெளிநாட்டுத் தொண்டர்கள் பணத்தோடு வருகிறார்கள் என்பதால், அவர்களுக்காகவே காப்பகங்கள் பெருகிய நாடுகள் உள்ளன.

நேபாளத்தின் வடமேற்கு மூலையில் ஹும்லா என்னும் மலை மாவட்டம் உள்ளது. 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், "உங்கள் பிள்ளைகளைத் தலைநகரில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்" என்று வாக்களித்துத் தரகர்கள் அம்மலைக் கிராமங்களில் பிள்ளைகளைத் திரட்டினர். ஏழைப் பெற்றோர் கடன் வாங்கிப் பணமும் கொடுத்தனர். பிள்ளைகளோ காத்மாண்டுவில் அநாதைகள் என்று காட்டப்பட்டனர். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் இறந்துவிட்டதாகத் தாள்கள் தயாராயின. நேபாளத்தின் காப்பகங்களில் மிகப் பெரும்பான்மையானவை சுற்றுலாப் பயணிகள் அதிகம் செல்லும் ஒரு சில மாவட்டங்களிலேயே அமைந்திருந்தன. அநாதைகள் எங்கே அதிகமோ அங்கே அவை எழவில்லை. கொடையாளிகள் எங்கே அதிகமோ அங்கே எழுந்தன.

கம்போடியாவிலும் இதே நிலை. 2005-க்கும் 2010-க்கும் இடையே அங்கு காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தனர். உலக அளவிலும், காப்பகங்களில் உள்ள பிள்ளைகளில் ஐவரில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவராவது உள்ளனர் என்று 'குழந்தைகளைக் காப்பாற்றுவோம்' அமைப்பு 2009-ல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. இவற்றையெல்லாம் கண்டபின், 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானத்தில், காப்பகத் தொண்டு, காப்பகச் சுற்றுலா ஆகியவற்றால் பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு பற்றியும் எச்சரிக்கப்பட்டது.

நேபாளத்துச் செய்தியைக் காவலூரில் ஏன் கூறுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். மலையின் இயல்பு எங்கும் ஒன்றே என்பதால் கூறுகிறோம். நகர வெளிச்சம் எட்டாத இருண்ட, தெளிந்த வானம் இங்கிருப்பதாலேயே காவலூரில் வானாய்வு நிலையம் அமைக்கப்பட்டது. வைணு பாப்பு அவர்களின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இங்கு நிறுவப்பட்டது. ஆனால் வானியலாருக்கு நன்மையான அதே தொலைவுதான், மலைவாழ் பிள்ளைக்குப் பள்ளியையும் மருத்துவமனையையும் தொலைவாக்குகிறது.

இம்மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் சாமை விதைத்தும், புளி, தேன், பலா முதலியவற்றை விற்றும் வாழ்பவர்கள். மானாவாரி விளைச்சல் போதாத காலங்களில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் பிற ஊர்களுக்கும் கூலி வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகளைப் பாட்டியிடமோ, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ விட்டுச் செல்கின்றனர். ஏமாற்றும் தரகர்களின் சொல்லை நம்பி ஆந்திரத்துச் செம்மரக் காடுகளுக்குச் சென்று துன்புற்றவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர்கள் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள்; திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்கிராமத்தார் அவர்களில் பலர்.

அவ்வாறு தந்தையை இழந்த பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள். பாட்டி இருக்கிறாள். மாமன் இருக்கிறான். அவர்களிடம் இல்லாதது பணம் மட்டுமே. அத்தகைய பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, நாம் கட்டும் காப்பகத்தில் சேர்த்து, வாயிலில் நம் ஜமாஅத்தின் பெயரைப் பொறிப்போமானால், வறுமையின் காரணமாக ஒரு தாயிடமிருந்து அவளது பிள்ளையை வாங்கிக்கொண்டவர்கள் ஆவோம். ஒரு பிள்ளையைக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்கக் கட்டடம், ஊழியர், உணவு, மின்சாரம் என்று எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்கர்கள் அறிவீர்கள். அதில் ஒரு பகுதியைத் தாயின் கையில் கொடுத்தாலே பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் வளரும்.

சட்டமும் மார்க்கமும் ஒன்றுபடும் இடம்

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. பதிவு பெறாமல் காப்பகம் நடத்துதல் குற்றமாகும். ஓராண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். தமிழகத்துக் காப்பகங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டதாக 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்த வழக்கில், 2017 மே 5 அன்று தீர்ப்பளிக்கப்பட்டது. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது.

நம் சமுதாயத்தைச் சார்ந்த ஒரு நிகழ்ச்சியையும் நினைவூட்ட வேண்டியுள்ளது. 2014 மே மாதத்தில், பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து கேரளத்து யத்தீம்கானாக்களுக்கு அழைத்து வரப்பட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பாலக்காடு ரயில் நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டனர். பெற்றோரின் ஒப்புதல், உரிய ஆவணங்கள் ஆகியன குறித்த கேள்விகள் நீதிமன்றம் வரை சென்று நெடுங்காலம் நீடித்தன. கல்வி தரும் நோக்கம் நல்லதாயினும், ஆயிரம் மைல் தொலைவிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவருவது எத்தகைய ஐயங்களுக்கும் அலைச்சலுக்கும் இடமளிக்கும் என்பதை அது உணர்த்தியது.

யத்தீம்களைப் பேணுவதன் சிறப்பைப் பற்றி இச்சபையில் புதிதாகக் கூற வேண்டியதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களே தந்தையற்றவர்களாகப் பிறந்து, சிறு வயதிலேயே தாயையும் இழந்தவர்கள். அவர்களை முதலில் பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களும், பின்னர்ப் பெரிய தந்தையார் அபூதாலிப் அவர்களும் தம் வீட்டில் வைத்தே வளர்த்தனர். நம் மார்க்கம் கூறும் கஃபாலத் என்னும் பொறுப்பேற்பு முறையில், பிள்ளை தன் குலத்தையும் தந்தையின் பெயரையும் இழப்பதில்லை. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1992-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவில், குடும்பமற்ற பிள்ளைக்குரிய வழிகளில் ஒன்றாக இந்தக் கஃபாலத் பெயர் கூறிக் குறிப்பிடப்பட்டுள்ளது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அதே பிரிவு, பிள்ளை வளர்ந்த சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சி பேணப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. டோனாவூர் முறையில் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு என்று முன்னர்க் கூறியது இதனாலேயே. நம் பிள்ளைகள் பிறருடைய இல்லத்தில் வளர நேர்ந்தால் அவர்களது தீன் பேணப்பட வேண்டும் என்று நாம் விரும்புவோம். அதே நியாயம் மலையாளி மக்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்களின் பெயரையும் வழிபாட்டையும் மாற்றுவது நம் வேலையன்று. சோறும் கல்வியும் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக எதையும் எதிர்பாராதிருத்தலே சதகாவின் இலக்கணம்.

சேவைக் குழுவின் பரிந்துரைகள்

இவற்றை மனத்திற்கொண்டு, ஜமாஅத்தின் முடிவுக்காகச் சில பரிந்துரைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, மலையில் புதிய காப்பகம் கட்டும் எண்ணத்தைக் கைவிடலாம். அதற்குப் பதிலாக, தந்தையை இழந்த பிள்ளைகளைத் தாயோ பாட்டியோ தம்மிடமே வைத்து வளர்ப்பதற்கு மாதாந்திர உதவித்தொகை வழங்கலாம். இதனைப் பைத்துல்மாலின் பொதுச் சதகா நிதியிலிருந்து வழங்கலாம். ஜகாத் நிதியைப் பொறுத்தவரை உலமாக்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுவோம். உதவியைத் தொடங்கினால் அப்பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும் வரை நிறுத்தாதிருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஈராண்டு கொடுத்து நிறுத்துவதைவிட, மூன்று பிள்ளைகளுக்கு இறுதிவரை கொடுப்பதே மேல்.

இரண்டாவதாக, அரசின் உதவிகளைப் பெற்றுத்தருவதில் நம் படித்த இளைஞர்கள் ஈடுபடலாம். மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, தகுதியுள்ள பிள்ளைக்கு அதன் குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு இடமுண்டு. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்தோர்க்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளோர்க்கும் மாதம் 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலுவலகம் அலுவலகமாக அலைவதற்கு இம்மலைத் தாய்மார்களால் ஒரு நாள் கூலியை இழக்க முடியாது. அவர்களுக்காக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்குச் சென்று, படிவத்தை நிரப்பி, பணம் கணக்கில் சேரும் வரை பின்தொடர்வது பெரும் தொண்டாகும். இதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. பேருந்துச் சீட்டு போதும்.

மூன்றாவதாக, இம்மலையிலுள்ள உறைவிடப் பள்ளிகளில் உரிய அனுமதியுடன் பணியாற்றலாம். ஆனால் ஒரு நாள் சென்று பழமும் பிஸ்கட்டும் கொடுத்துத் திரும்புவது வேண்டா. பிள்ளைகளைக் கவனிக்கும் சமையலர், காப்பாளர் ஆகியோரின் சுமையைக் குறைக்கும் வேலைகளைச் செய்வோம்: பழுதான குழாய், கழிவறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை, துணி துவைக்கும் கல். பாடம் சொல்லித்தர விரும்புவோர், குறைந்தது ஒரு கல்வியாண்டு முழுவதும் வாரந்தோறும் அதே நாளில் அதே நேரத்தில் வருவதாக உறுதியளித்தால் மட்டுமே பெயர் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் மாறி மாறி வருவதைவிட இருவர் தவறாமல் வருவதே பிள்ளைக்கு நன்மை.

நான்காவதாக, வெளிநாட்டுக் காப்பகத்திற்குச் செல்ல விரும்பும் இளைஞர்களை நாம் தடுக்கவில்லை. ஆனால் ஜமாஅத்தின் நிதி வேண்டுமெனில் சில கேள்விகளுக்கு விடை கொண்டுவர வேண்டும். அவ்வில்லம் அந்நாட்டு அரசில் பதிவு பெற்றதா? அங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் உள்ளனர், அவர்களை வீட்டிற்குத் திருப்பி அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது? முன்பின் அறியாதவரை எந்தச் சரிபார்ப்புமின்றிப் பிள்ளைகளோடு தங்க விடுகிறார்களா? அவ்வாறு விடுவார்களானால் அது பாதுகாப்பான இல்லமன்று. நீங்கள் செய்யப்போகும் வேலையை அவ்வூர்க்காரர் ஒருவர் கூலி பெற்றுச் செய்ய இயலாதா? மின்பணி, மருத்துவம், கணக்கு போன்ற தொழிலறிவு உள்ளவர்கள் அங்குள்ள ஊழியர்களுக்குப் பயிற்சியளித்துத் திரும்புவார்களாயின் அது பயனுள்ளதே. அணைத்து மகிழ்வதற்கு மட்டும் செல்வதாயின், அந்தப் பயணச் செலவு அங்குள்ள ஒரு பெண் ஊழியரின் சில மாதச் சம்பளமாகட்டும்.

ஐந்தாவதாக, நம் ஆண்டறிக்கையைக் குறித்து ஒரு வேண்டுகோள். உதவி பெறும் பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ இம்மலரில் வெளியிட வேண்டா. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் தடுக்கிறது. கொடுத்ததற்குச் சான்றாகக் கணக்கு இருக்கட்டும். பிள்ளையின் முகம் வேண்டா. நாளை அப்பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குச் செல்லும்போது, கையேந்திய படம் ஒன்று அதற்கு முன்னே செல்ல நாம் காரணமாகக் கூடாது.

உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளும் இருக்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. அத்தகைய பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணிற்குத் தெரிவித்து, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு செல்வதே முறை. அப்பிள்ளைக்கு நல்ல காப்பகமும் தேவைப்படலாம். ஆனால் அங்கும் பிள்ளையின் நாளைத் தாங்கி நிற்பவர், விடியுமுன் எழுந்து நனைந்த விரிப்பை அலசும் அந்தப் பெண்மணியே. அவருக்கு உரிய சம்பளமும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், மரியாதையும் கிடைக்கச் செய்வது பிள்ளைகளுக்கே செய்யும் தொண்டாகும்.

பெரியோர்களே! கட்டடம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். வெளிநாடு சென்று வந்தால் ஊரார் பேசுவர். ஒரு தாயின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் சேரும் தொகையை யாரும் காணமாட்டார்கள். ஆயினும் அப்பிள்ளை இன்றிரவு தன் தாயின் அருகில் உறங்கும். இவ்வாண்டு மூன்று பிள்ளைகளோடு இப்பணியைத் தொடங்க ஜமாஅத் இசைவு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதன் பொறுப்பை ஏற்க முன்வரும் உறுப்பினர்கள், கூட்டம் முடிந்தபின் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் இதே பொறுப்பில் இருப்போம் என்ற உறுதியோடு வாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, தொடங்கும் பணியைத் தொடர்ந்து செய்யும் உறுதியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.